புதுப்பிப்பு: துணி அலுமாரி ஒருமாதிரி ஒழுங்குக்கு வந்திட்டுது

போன மாசம் கேட்டிருந்தன்: வெள்ளவத்தை ஃபிளாட்டில, கடல் காத்துக்குள்ள, தைக்க வாங்கின துணியளைப் பூஞ்சணம் பிடிக்காம எப்பிடி வைக்கிறதெண்டு. சொன்ன ஆக்களுக்கு நன்றி.

முழுக்கக் கட்டில்ல கொட்டினன். புறக்கோட்டை மெயின் ஸ்ட்ரீட்டில "மலிவு" எண்டு வாங்கின சீத்தைத் துணியே 11 துண்டு! கஞ்சிப் பசையோட கிடந்த பருத்தியைத்தான் வெள்ளிப்பூச்சி அரிச்சிருக்கு. அதுக்கு மாப்பசை நல்ல சாப்பாடு. இப்ப வாங்கின உடன தோய்ச்சு, மொறுமொறெண்டு காயவிட்டுத்தான் உள்ள வைக்கிறன். தைச்சாப்பிறகு சுருங்கிற கரைச்சலும் இல்லை.

குண்டூசி குத்தி மறந்துபோன வெள்ளை லினன்ல கடுகளவு துருப்புள்ளி. தேசிக்காயும் உப்பும் பூசி வெயில்ல போட்டன். பாதிதான் போச்சு.

ஏ4 அளவு மட்டையில சுத்தி நிமிர்த்தி வைக்கச் சொன்னீங்களே, அதுதான் திறம். புத்தகம் மாதிரி எல்லாம் தெரியுது. ஒவ்வொண்டிலும் எத்தினை யார் நீளம் எண்டு ஒரு சீட்டு. பட்டுத்துணியை மட்டும் பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள அடைக்காம பழைய பருத்திச் சாரத்தில சுத்தினன்.

வெட்டுத்துண்டுப் பை இன்னும் கதவுக்குப் பின்னால. அதைப் பற்றி ஒருத்தரும் கேக்காதேங்கோ.