லெம்பேயில் மேக்ரோ எடுக்க ரிசார்ட்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

கருமணல்_ஆசை கேட்கிறார்:

வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் எட்டு நாள் இந்தோனேசியா, லெம்பே நீரிணை, கடலடிச் சின்னப் பிராணிகளைக் கிட்டத்துல (மேக்ரோ) படம் எடுக்க. சென்னை–சிங்கப்பூர்–மனாடோ டிக்கெட் போட்டாச்சு. ரிசார்ட்தான் பாக்கி. ரெண்டு இடம் கண்ணில் நிக்குது.

ஒண்ணு பிட்டுங் பக்கக் கரையில். விலை குறைவு. நீச்சல் குளம், கடல் பார்த்த அறை, ஹவுஸ் ரீஃபில் (ரிசார்ட் முன்னாடிக் கடல்) எத்தனை டைவ் வேணாலும் இலவசம். "சிறு குழுக்கள்"னு போட்டிருக்காங்க. இன்னொண்ணு தீவுப் பக்கம். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விலை. அறை சாதாரணம். கேமராவுக்குத் தனி அறை, ரெண்டு பேருக்கு ஒரு கைடு, நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டின காற்று) சேர்த்து.

கையில் இருப்பது சோனி ஏ6400, அலுமினிய ஹவுசிங் (நீர் புகாத கேமரா உறை), 90 மி.மீ. மேக்ரோ, 16-50 கிட் லென்ஸ், ரெண்டு ஸ்ட்ரோப் (நீரடி ஃப்ளாஷ்), ஒரு ஃபோகஸ் லைட். அட்வான்ஸ்டு ஓபன் வாட்டர் முடிச்சு 60 டைவ். நைட்ராக்ஸ் கார்டு இல்லை. மனைவியும் டைவ் பண்ணுவாங்க, ஆனா கேமரா கிடையாது. அந்தக் கூடுதல் பணத்துக்கு உண்மையிலேயே பொருள் இருக்கா, இல்லை "ஃபோட்டோகிராஃபர்"னு சொன்னாலே விலை ஏறிடுதா?

துடுப்பன் பதில்:

அந்த இரண்டு விளம்பரங்களிலும் காசு கொடுக்கத் தகுந்த வரி ஒன்றே ஒன்றுதான்: இரண்டு பேருக்கு ஒரு கைடு. நீச்சல் குளத்தை விட்டுத் தள்ளுங்கள். மூன்று டைவும் ஒரு நைட் டைவும் போட்டுவிட்டு வருகிறவர் குளத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

காரணம் அந்த ஊரின் கடல். லெம்பேக்கு யாரும் பவளச் சுவர் பார்க்கப் போவதில்லை. கரிய எரிமலை மணல் சரிவு, பிட்டுங் துறைமுகம் பக்கத்திலேயே, அதனால் மணலில் பாட்டில், டயர், தேங்காய் ஓடு, கிழிந்த வலை. பெரும்பாலான நாள் 5 முதல் 15 மீட்டர் வரைதான் தெரியும். ஹேரி ஃப்ராக்ஃபிஷ் ஒரு பாசிக் கொத்து மாதிரி உட்கார்ந்திருக்கும். பிக்மி கடல்குதிரை இரண்டு செ.மீ. அளவு, ஒட்டியிருக்கும் கடல்விசிறியின் நிறமும் முண்டும் அப்படியே அதன் உடம்பில் இருக்கும். புதிதாக வருபவர் அதை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவார். கண் என்பது கைடின் கண்தான்.

இப்போது கணக்கு. கேமராவோடு ஆறு பேர், ஒரு கைடு. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு பிராணிக்கே அரை மணி நேரம். 60 நிமிட டைவில் இரண்டு பிராணி, அவ்வளவுதான். ஆறாவது ஆள் முறை வரும்போது முன்னால் போன ஐந்து பேரின் துடுப்பு கிளப்பிய தூள் இன்னும் அடங்கியிருக்காது. ஸ்ட்ரோப் அடித்தால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. பிராணியும் அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் என்றால் ஃப்ராக்ஃபிஷ் கொட்டாவி விடும்வரை பத்து நிமிடம் காத்திருக்கலாம். படம் கிடைப்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

"சிறு குழு" என்ற சொல்லுக்கு எந்த அளவும் கிடையாது. மெயிலில் நேராகக் கேளுங்கள்: ஒரு படகுக்கு எத்தனை பேர் என்று அல்ல, *ஒரு கைடுக்கு* எத்தனை பேர்? கேமரா உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே குழுவில் போடுவார்களா? டைவ் நேரத்துக்கு உச்சவரம்பு உண்டா, 60 நிமிடமா 75 நிமிடமா? எட்டு நாளும் அதே கைடு வருவாரா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. இரண்டாம் நாளுக்குள் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கைடுக்குப் பிடிபட்டுவிடும். தினம் ஆள் மாறினால் தினம் முதலிலிருந்து.

உங்கள் விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. நீங்களும் மனைவியும் சேர்ந்தாலே இரண்டு பேர். ஆக, கேமரா ஒன்று, கைடு ஒருவர். ஆனால் போகும் முன்பே இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே கணவாய் மீனின் முன் கால்மணி நேரம் சும்மா மிதப்பவருக்குச் சலிப்பைவிடக் குளிர்தான் பெரிய தொல்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே தண்ணீர் குளிர்ந்த பருவம், 25-27 டிகிரி வரை இறங்கும். 3 மி.மீ. சூட் முதல் டைவுக்குப் போதும், மூன்றாவதில் பல் தந்தியடிக்கும். இருவருக்கும் 5 மி.மீ., தலைக்கு ஹூட்.

ஓரிங்_காவலன் பதில்:

கைடு பற்றித் துடுப்பன் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கேமரா அறை பற்றி மட்டும். "கேமரா ரூம் உண்டு" என்றால் நாலு பேருக்கு ஒரு மேசை, ஒரு பிளக் என்பதும் அதில் அடங்கும். ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். தயங்காமல் அனுப்புகிற இடத்தில் பெரும்பாலும் அறை நன்றாகவே இருக்கும்.

அதில் பார்க்க வேண்டியது: ஆளுக்குத் தனி மேசைப் பகுதி, கை விரித்தால் இடிக்காத அகலம். தலைக்கு மேல் நல்ல வெள்ளை விளக்கு. ஓ-ரிங்கில் (தண்ணீர் புகாமல் அடைக்கும் வளையம்) ஒட்டிய ஒற்றை முடியை மஞ்சள் பல்பில் பார்க்க முடியாது, ஹவுசிங் வெள்ளத்தில் போவதற்கு அந்த ஒரு முடி போதும். தினம் மாற்றும் துண்டு. ஆளுக்குக் குறைந்தது மூன்று பிளக். இரண்டு ஸ்ட்ரோபுக்கு எட்டு டபுள் ஏ செல் என்றால், நாலு செல் சார்ஜர் ஒன்றை வைத்துக்கொண்டு நாலு டைவ் ஓட்ட முடியாது. இரண்டு சார்ஜர், 16 செல் கொண்டுபோங்கள்.

பலர் பாராட்டும் அந்த ஏர் கன் இருக்கிறதே, அதில்தான் எச்சரிக்கை வேண்டும். ஈரத்தை ஊதித் தள்ள வசதிதான். ஆனால் ஹவுசிங்கின் மூடி விளிம்பிலோ பட்டன் தண்டிலோ நேராகப் பிடித்து அழுத்தினால், அங்கே தங்கியிருக்கும் தண்ணீர் ஓ-ரிங்கைத் தாண்டி உள்ளேதான் போகும். ஒரு அடி தள்ளி, சாய்வாக ஊதுங்கள். முதலில் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டால் ஊதவே அதிகம் இருக்காது.

நன்னீர்த் தொட்டி கேமராவுக்கென்றே தனியாக இருக்க வேண்டும். பூட்ஸும் மாஸ்க்கும் முங்கும் தொட்டியில் கேமராவை விடாதீர்கள். பத்து கேமரா ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் தொட்டியும் ஆபத்துதான். 20 மீட்டரில் தண்ணீரின் அழுத்தமே மூடியை இறுக்கிப் பிடிக்கும்; அரை மீட்டர்த் தொட்டியில் அந்த அழுத்தம் இல்லை, பக்கத்துக் கேமராவின் கை உங்கள் தாழ்ப்பாளில் இடித்தால் போதும். ஆழத்தில் கசியாத ஹவுசிங் தொட்டியில் கசிவது இதனால்தான். முக்கி, ஒவ்வொரு பட்டனையும் நாலைந்து தடவை அழுத்தி, உப்பு போனதும் எடுத்துவிடுங்கள். ஊறப்போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

ஏசி அறையில் ஹவுசிங்கை மூடுவது நல்லதா என்று அடுத்து கேட்பீர்கள். நல்லதுதான், உள்ளே அடைபடும் காற்று உலர்ந்ததாக இருக்கும். ஆனால் குளிர்ந்த கேமராவை வெளியே கொண்டுவந்து *திறந்தால்* சில நொடியில் சென்சார்வரை பனி படியும். உள்ளேயே மூடுங்கள், வெளியே திறக்காதீர்கள். வேக்யூம் வால்வ் இருந்தால் காற்றை உறிஞ்சி அரை மணி நேரம் விட்டு, கசிவு காட்டும் விளக்கு பச்சையிலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் படகுக்குக் கொடுங்கள்.

ஓ-ரிங் கிரீஸ் ஹவுசிங் கம்பெனி தந்ததை மட்டும். சிலிக்கோன் ஓ-ரிங்குக்குக் கண்ட சிலிக்கோன் கிரீஸைப் போட்டால் அது உப்பி, பள்ளத்தில் உட்காராது.

நீரிணை_வாசி பதில்:

ரெண்டு பேரும் சொல்றது சரி. ஆனா முதல் இடத்தை அப்படியே தள்ளிட வேண்டாம். அங்கயே கூடுதல் பணம் கட்டினா தனி கைடு தருவாங்களான்னு கேளுங்க. லெம்பேல பல ரிசார்ட்ல அந்த ஏற்பாடு உண்டு. எட்டு நாளுக்கும் தனி கைடு கட்டியும் ரெண்டாவது இடத்தைவிடக் குறைவா வந்தா, குளத்தோட சேர்த்து உங்களுக்கு லாபம்.

கரைப் பக்கமா தீவுப் பக்கமான்னு ரொம்ப யோசிக்காதீங்க. நீரிணையே குறுகல். ஹேர்பால், ஜாஹிர், நூடி ஃபால்ஸ், போலீஸ் பியர்னு டைவ் இடம் எல்லாம் சின்னப் படகுப் பயணம்தான். அதைவிட முக்கியம், *ஒவ்வொரு டைவுக்கும் கரைக்குத் திரும்புறாங்களா*ங்கிறது. திரும்பினா லென்ஸ் மாத்தலாம், செல் மாத்தலாம், கார்டு பாக்கலாம். ரெண்டு சிலிண்டரைத் தூக்கிட்டு ஒரேயடியாப் போற இடமா இருந்தா, ரெண்டாவது டைவ் முழுக்க முதல் டைவோட லென்ஸ்தான். ஆடுற படகுல ஈரக் கையோட ஹவுசிங்கைத் திறக்கிறது தற்கொலை.

இலவச ஹவுஸ் ரீஃப் மேல ரொம்ப நம்பிக்கை வைக்க வேண்டாம். கைடு இல்லாம அந்தக் கருமணல்ல நீங்க பாக்கப்போறது மணல். மாலைல மாண்டரின் மீன் வர்ற இடம் பக்கத்துல இருந்தா மட்டும் அதுக்கு மதிப்பு.

கருமணல்_ஆசை:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு பேருக்கும் மெயில் போட்டேன். முதல் இடம்: கைடுக்கு நாலு பேர், டைவ் 60 நிமிஷம், தனி கைடு "ஆள் இருந்தா". ரெண்டாவது: ரெண்டு பேர், 70-75 நிமிஷம், ஒவ்வொரு டைவுக்கும் கரைக்குத் திரும்பல், அறை போட்டோவும் வந்தது, தனித்தனி மேசை. ரெண்டாவதுக்கே போறோம். அங்க நைட்ராக்ஸ் கோர்ஸ் முடிக்கணுமா? 90 மி.மீ. ஒண்ணே போதுமா? கடைசி ரெண்டு நாள் மனாடோ பக்கத்துப் புனாக்கன் தீவு போகலாமா?

துடுப்பன்:

"ஆள் இருந்தால்" என்றால் ஆகஸ்டில் ஆள் இருக்காது. சரியான முடிவு.

நைட்ராக்ஸ் எடுங்கள், போகும் முன்பே ஆன்லைனில் படித்துவிட்டால் அங்கே ஒரு டைவும் வீணாகாது. பேடி (டைவிங் பயிற்சி அமைப்பு) அட்டவணைப்படி, ஏறும்போது கட்டாய நிறுத்தம் தேவைப்படாமல் 18 மீட்டரில் தங்கும் வரம்பு சாதாரணக் காற்றுக்கு 56 நிமிடம், 32 சதவீத நைட்ராக்ஸுக்கு 95 நிமிடம். முதல் டைவில் இது பெரிதாகத் தெரியாது. அன்றைய மூன்றாவது டைவில், கடல்விசிறி முன் நிற்கும்போதுதான் தெரியும். 32-க்கு 34 மீட்டர் ஆழ வரம்பு, அங்கே அவ்வளவு கீழே போக வேலையே இல்லை. சிலிண்டரின் ஆக்ஸிஜன் சதவீதத்தை நீங்களே அனலைஸ் செய்து டேப்பில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், கைடு செய்துவிட்டார் என்று விடாதீர்கள்.

நைட்ராக்ஸால் சிலிண்டரில் உள்ள காற்றின் அளவு அதிகமாகிவிடாது. 12 மீட்டர் சராசரி ஆழம் என்றால் அழுத்தம் 2.2 பார். நிமிடத்துக்கு 15 லிட்டர் மூச்சு விடுபவருக்கு அங்கே 33 லிட்டர் செலவாகும். வழக்கமான 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200-லிருந்து 50 பார்வரை 1,665 லிட்டர், அதாவது 50 நிமிடம். அவர்கள் 75 நிமிடம் அனுமதித்தும் நீங்கள் 50-இல் ஏறினால் கொடுத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. 15 லிட்டர் சிலிண்டர் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு எழுதிவையுங்கள், 68 நிமிடம் வரும். சிலிண்டரின் எடைக்கேற்ப இடுப்புப் பாரத்தை முதல் டைவிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

90 மி.மீ. ஒன்று போதாது. ஏ6400-இல் அது 135 மி.மீ. போல நடந்துகொள்ளும். பிக்மி, நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை), இறால் எல்லாவற்றுக்கும் அருமை. 1:1-இல் (பிராணி நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்போது) சட்டத்தின் அகலம் இரண்டரை செ.மீ.க்கும் குறைவு. ஆனால் முப்பது செ.மீ. ஜெயண்ட் ஃப்ராக்ஃபிஷ் முழுசாக அடங்க வேண்டுமென்றால் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அந்தக் கலங்கல் தண்ணீரில் உங்களுக்கும் மீனுக்கும் நடுவே ஒரு மீட்டர் தூசி. அதற்கு 16-50. மிமிக் ஆக்டோபஸ், தேங்காய் ஓட்டில் உட்கார்ந்த ஆக்டோபஸ் இவற்றுக்கும் அதுதான். அவர் கேட்கும்வரை காத்திராமல் கைடிடம் முந்தின இரவே சொல்லிவிடுங்கள்: நாளை காலை எந்த லென்ஸ். அவர் அதற்கேற்ற இடத்தைத் தேர்வார்.

ஆரம்ப அமைப்பு: 1/160 (உங்கள் கேமராவின் ஃப்ளாஷ் சிங்க் அதற்கு மேல் போகாது), எஃப்/11 முதல் 16, ஐஎஸ்ஓ 100. ஃபோகஸ் லைட்டில் சிவப்பு விளக்கு இருந்தால் மாண்டரின் மீனுக்கு அது மட்டும். வெள்ளை வெளிச்சம் பட்டால் அது பவளத்துக்குள் ஓடிவிடும்.

புனாக்கன் பற்றி: அங்கே சுவர், ஆமை, அகலக் கோணம், முற்றிலும் வேறு உலகம். இரண்டு நாளுக்காக லென்ஸ், போர்ட் (ஹவுசிங்கின் லென்ஸ் முகப்பு), அறை எல்லாவற்றையும் மாற்றுவது எட்டு நாளில் வீண். பல டைவுக்குப் பின் விமானம் ஏற குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும், அதனால் கடைசி நாள் எப்படியும் கடல் இல்லை. லெம்பேயிலேயே இருங்கள்.

ஓரிங்_காவலன்:

ஒன்று விட்டுப்போச்சு. கைடு கையில் ஒரு கம்பி இருக்கும், உங்களுக்கும் ஒன்று தருவார். மணலில் ஊன்றி நிலைநிற்க மட்டும் அது. முழங்கால் மணலில் பட வேண்டாம், அங்கேதான் பாதிப் பிராணிகள் புதைந்திருக்கின்றன; கடும் விஷமுள்ள நீல வளைய ஆக்டோபஸும் அதே மணலில்தான். பிராணியைக் கம்பியால் தள்ளி "போஸ்" கொடுக்க வைத்தால் கையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃப்ளாஷைவிடத் தொட்டுச் சீண்டுவதுதான் அவற்றை அதிகம் கெடுக்கும். நீங்கள் கேட்பதாக நினைத்துத்தான் பல கைடுகள் தள்ளுகிறார்கள், முதல் நாளே சொல்லிவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில், முனைகளுக்கு டேப் ஒட்டி. பட்ஜெட் விமானம் பலவற்றில் கைப்பைக்கு 7 கிலோதான், ஹவுசிங்கும் போர்ட்டும் மட்டுமே அதைத் தொட்டுவிடும். கூடுதல் எடையை ஆன்லைனில் முன்பே வாங்குங்கள். அங்கே 230 வோல்ட், ஐரோப்பிய இரட்டை முள் சாக்கெட், நம்ம மூன்று முள் பிளக் ஏறாது. இரண்டு அடாப்டர், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

கருமணல்_ஆசை:

15 லிட்டர் சிலிண்டர் இருக்காம், ரெண்டு பேருக்கும் எழுதி வச்சுட்டாங்க. அடாப்டர் வாங்கப் போறேன்.