கயெலிட்ஷாவில் தங்கியிருக்கிறேன், ஒரு யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். கேப்டவுன் பக்கம் கயெலிட்ஷாவில் கோசா என்ற ஆப்பிரிக்க இனத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தோடு மூன்று வாரமாகத் தங்கியிருக்கிறேன். வீட்டம்மாவை இந்த ஊர் வழக்கப்படி 'மாமா' (இங்கே அம்மா என்று அர்த்தம்) என்றுதான் கூப்பிடுகிறேன். நான் சைவம் என்று தெரிந்ததிலிருந்து, காய்ந்த வெள்ளை மக்காச்சோளத்தையும் பீன்ஸையும் முந்தின இரவே ஊறவைத்து, மணிக்கணக்கில் வேகவைத்து 'உம்ங்குஷோ' செய்து தருகிறார். தட்டு காலியானால் உடனே இன்னொரு கரண்டி விழும்.

இங்கே மின்சாரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். எனக்காக அடுப்பு எரிய எரிய மீட்டரில் எண் குறைவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. பணம் கொடுத்தால் வாங்க மறுக்கிறார். நானே ரீசார்ஜ் செய்துவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரா? அப்புறம், ஞாயிற்றுக்கிழமை அவருக்கு சாம்பார் வைத்துக் கொடுக்க ஆசை. கேப்டவுனில் துவரம்பருப்பும் புளியும் எங்கே கிடைக்கும்? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.