மறு: பல கிளைகள் உள்ள நிறுவனங்களுக்கான தேடல் உகப்பாக்கம் – 'கிளைவாரி' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பல கிளைகள் உள்ள நிறுவனத்தின் ஒவ்வொரு கிளையும் அதனதன் பகுதியில் கூகுள் தேடல்முடிவுகளில் முன்னால் வரச் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'மல்டி-லொக்கேஷன் லோக்கல் எஸ்இஓ' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை மூன்று: உள்ளூர்த் தேடல் உகப்பாக்கம், அண்மைத் தேடல் உகப்பாக்கம், பல்லிடத் தேடல் உகப்பாக்கம். 'உகப்பாக்கம்' நல்லதா 'மேம்பாடு' நல்லதா என்ற பழைய சண்டையை இப்போதைக்குத் தள்ளி வைப்போம். தேடுபொறி உகப்பாக்கம் என்பது ஏற்கெனவே புழங்குகிறது, அது அப்படியே இருக்கட்டும். சிக்கல் முன்பாதியில்தான்.

> லோக்கல் என்றால் உள்ளூர்தானே? இதில் என்ன குழப்பம்?

உள்ளூர் என்றதும் அந்த ஊர்க்காரர் என்ற எண்ணம் கூடவே வருகிறது. ஆனால் முதன்முறையாக ஓர் ஊரில் இறங்கி மருந்துக்கடை தேடும் வெளியூர்க்காரருக்கும் இதே வகைத் தேடல்முடிவுகள்தான் வருகின்றன. 'உள்ளூர்' அவரை விட்டுவிடுகிறது.

'அண்மை' இதைவிட நல்ல முயற்சி. ஆனாலும் எங்கிருந்து அண்மை என்று கேட்டால் தடுமாறும். கூகுள் தன் உதவிப் பக்கத்தில் வரிசைப்படுத்தலுக்கு மூன்று காரணிகளைச் சொல்கிறது. அதில் ஒன்று தொலைவு. தேடுபவர் ஊர்ப்பெயர் எதையும் தட்டாவிட்டால் அவர் இருக்கும் இடத்தை வைத்துத் தொலைவு பார்க்கப்படும். 'இன்ன ஊரில் பல் மருத்துவர்' என்று தட்டினால் அந்த ஊரை வைத்துப் பார்க்கப்படும், அவர் கடல் கடந்து உட்கார்ந்திருந்தாலும் சரி. ஆகவே பொதுச்சொல்லாக 'இடஞ்சார் தேடல்' என்பதை முன்வைக்கிறேன். இரண்டு நிலையும் அதில் அடங்கும்.

இனி நம் தலைப்புக்கு வருவோம். 'பல்லிட' என்பதை ஒதுக்க எனக்கு இரண்டு காரணங்கள். முதலாவது சிறியது: 'பல்லிட மருத்துவமனை' என்று எழுதிப் பாருங்கள், பல்லுக்கு வைத்தியம் பார்க்கும் இடமாகிவிடும். இரண்டாவதுதான் முக்கியம். 'பல' என்பது எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது. இந்தத் தொழிலில் எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு கிளையும் தேடலில் தனியாக நின்று போட்டியிடுவதுதான் கணக்கு. தலைமை நிறுவனத்துக்கு எவ்வளவு பெயர் இருந்தாலும், கூகுளில் ஒரு கிளையின் தொழில் வகையும் வேலை நேரமும் தவறாகப் பதிவாகியிருந்தால் அந்தக் கிளைதான் அடிவாங்கும். 2015இல் கூகுள், தேடல்முடிவுகளில் வரைபடத்தோடு வரும் பெட்டியில் காட்டும் கடைகளை ஏழிலிருந்து மூன்றாகக் குறைத்தது. அந்த மூன்று இடங்களுக்குள் ஒவ்வொரு கிளையும் அதனதன் பகுதியில் தனித்தனியாக நுழைய வேண்டும்.

அதனால்தான் 'கிளைவாரி' என்கிறேன். மொழிவாரி மாநிலம் என்றால் மொழிகள் பல என்றா புரிந்துகொள்கிறோம்? ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே என்றுதானே! கிளை என்ற சொல்லிலேயே இடம் ஒளிந்திருப்பதால் 'இடஞ்சார்' என்பதையும் சேர்த்து நீட்ட வேண்டாம். கிளைவாரித் தேடல் உகப்பாக்கம். மூன்றே சொல்.

> வாரி வெளியிலிருந்து வந்த பின்னொட்டு. 'கிளைதோறும்' என்று வைக்கலாமே?

வந்ததாகவே இருக்கட்டும், நன்றாக வேரூன்றிவிட்டது. 'கிளைதோறும்' வினையோடுதான் ஒட்டும். 'கிளைதோறும் உகப்பாக்குதல்' என்று வாக்கியத்தில் எழுதலாம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைத்துக் கலைச்சொல்லாக்கினால் நொண்டும்.

> நிறுவனத்தின் பெயரை உரிமம் பெற்று நடத்துபவரின் (பிரான்சைஸ்) கடை கிளையாகுமா?

சட்டப்படி ஆகாது. ஆனால் கூகுள் வரைபடத்துக்கு உடைமை யாருடையது என்பது பொருட்டில்லை. பலகையில் ஒரே பெயர், வெவ்வேறு முகவரி, அவ்வளவுதான். மருத்துவமனை வளாகத்துக்குள் கூகுளில் தனிப் பதிவோடு இயங்கும் மருந்தகம் இந்தச் சொல்லுக்குள் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் 'துறைப் பதிவு' என்று வேறாக வைத்துக்கொள்வோம்.

துணைச்சொற்களும் கூடவே வேண்டும். கடைகள் தம் விவரங்களைக் கூகுளில் பதியும் சேவை, 2014இல் கூகுள் மை பிசினஸ் என்று தொடங்கி 2021இல் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர் மாறியதை 'வணிகப் பதிவு' என்று பொதுவாகச் சொல்வது நல்லது. நிறுவனத்தார் இன்னொரு முறை பெயரை மாற்றினாலும் நம் சொல் கெடாது. ஒவ்வொரு கிளைக்கும் நிறுவனம் தரும் தனி அடையாளம் 'கிளைக் குறியீடு'. பத்துக் கிளைகளும் அதற்கு மேலும் உள்ளவர்கள் எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் சரிபார்க்கக் கூகுளிடம் கேட்கலாம் அல்லவா, அது 'மொத்தச் சரிபார்ப்பு'.

சைட்டேஷனுக்கு 'மேற்கோள்' என்று நம் சொற்பட்டியலில் இருப்பதை எடுத்துவிட வேண்டும். அது கட்டுரையாளரின் மேற்கோள் அன்று. பிற தளங்களில் கிளையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் வந்திருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கடை இடம் மாறிய பிறகும் ஏதோ ஓர் அடைவில் பழைய எண் கிடந்து வாடிக்கையாளரை அலைக்கழிக்குமே, அந்த வகைப் பதிவு. 'முகவரிக் குறிப்பு' போதும்.

அடுத்தது டோர்வே பேஜ். 'வாசல் பக்கம்' என்றால் வலைவாசலோடு (போர்ட்டல்) குழம்பும். கிளைகள் உள்ள நிறுவனங்கள் இதில் எளிதாக மாட்டிக்கொள்கின்றன: ஒரே பத்தியை நாற்பது பக்கங்களில் ஒட்டி, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி வெளியிடுவது. கூகுளின் குப்பைத் தடுப்பு (ஸ்பேம்) கொள்கையில் இந்தக் குறுக்குவழிக்குத் தனியாகவே இடம் இருக்கிறது. சொந்தப் படங்கள், வழி, வேலை நேரம், அங்கே மட்டும் கிடைக்கும் சேவை என்று இருந்தால் அது 'கிளைப்பக்கம்'. வெறும் ஊர்ப்பெயர் மாற்றம் என்றால் 'போலிக் கிளைப்பக்கம்'. பொதுப்பெயராக இது குறுகியதுதான், ஆனால் நம் தலைப்புக்கு இந்த இரட்டை நன்றாக விளக்கும். கிளைப் பெயரோடு 'மலிவான', 'சிறந்த' என்றெல்லாம் ஒட்டும் பழக்கத்துக்குப் 'பெயர் திணிப்பு' என்று முன்பே ஒருவர் எழுதியிருந்தார். அருமையான சொல், கை வைக்க வேண்டாம். அதுவும் விதிமீறல்தான்.

பாக்கி இருப்பது ஒன்று. வரிசைப்படுத்தும் காரணிகளில் பொருத்தம், தொலைவு இரண்டுக்கும் தகராறில்லை. மூன்றாவதான பிராமினென்ஸ்? 'முதன்மை' என்று வைத்தால், வணிகப் பதிவில் கடையின் முக்கியத் தொழிலைக் குறிக்கும் முதன்மை வகை என்பதோடு மோதும். 'புகழ்' கொஞ்சம் மிகை. எத்தனை மதிப்புரைகள், எத்தனை தளங்கள் சுட்டுகின்றன, எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை என்பதையெல்லாம் சேர்த்துத்தான் அது குறிக்கிறது. தற்காலிகமாகப் 'பெயர்ப்பரவல்' என்று பட்டியலில் சேர்த்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக ஒன்று யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.