இரண்டு கோர் என்றால் இரண்டு வேலைதான் நடக்குமா?

மாம்பலம்வாசி:
நேற்று ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், "இரண்டு கோர் ப்ராசஸரில் இரண்டு வேலைதான் ஓடும் சார், மூன்றாவதைத் திறந்தால் நின்றுவிடும்" என்று சொல்லி, மகனுக்காகக் கணினி வாங்க வந்த ஒருவரின் தலையில் விலை கூடிய ப்ராசஸரைக் கட்டினார். பக்கத்தில் நின்ற எனக்கு ரத்தம் கொதித்தது. என் வீட்டில் இருப்பது 2017இல் வந்த பென்டியம் ஜி4560 ப்ராசஸர்; கோர் எனப்படும் கணக்கிடும் பகுதி அதில் இரண்டே. ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் நூற்றுக்கு மேல் ப்ராசஸ்கள் (வேலைகள்) தெரிகின்றன. அவற்றில் பெரும்பாலானவை விசை அழுத்தத்துக்கோ வட்டிலிருந்து தகவல் வருவதற்கோ காத்துத் தூங்குபவை. விழித்திருக்கும் சிலவற்றுக்கு மட்டும் விண்டோஸ் சில பத்து மில்லிவினாடிகளாக நேரத்தைப் பங்கிட்டு, முறை வைத்துக் கோரில் ஏற்றி இறக்குகிறது.

பெரம்பூர் கணக்கர்:
பாடம் நன்றாக இருக்கிறது. என் வீட்டிலும் இரண்டு கோர்தான். கணக்கு மென்பொருளும் க்ரோமில் பத்து டேபும் திறந்திருந்தபோது வைரஸ் ஸ்கேன் தானாகத் தொடங்கியது. மவுஸ் அம்பு அப்படியே நின்றுவிட்டது. கடைக்காரர் சொன்னது இதைத்தானே?

மாம்பலம்வாசி:
இல்லை. உங்களிடம் இருப்பது 4 ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் என்று முன்பு நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் வட்டை ரேம்போலப் பயன்படுத்தத் தொடங்கும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 8.3 மில்லிவினாடி ஆகிறது. வட்டைப் படிக்கும் தலை நகரும் நேரம் தனி. அதே வட்டை ஸ்கேனும் துருவிக்கொண்டிருந்தால், ப்ராசஸர் வேலையின்றிக் காத்துக்கிடக்கும். கேபினெட்டில் வட்டு வேலை செய்வதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்ததா என்று பாருங்கள். நான் ப்ராசஸரைத் தொடாமல், சுழலும் வட்டு இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி மட்டும் போட்டேன், தடுமாற்றம் போய்விட்டது.

பெரம்பூர் கணக்கர்:
விளக்கைப் பற்றி நான் பேசவில்லை. மவுஸ் அம்பு நின்றது. என் கண்ணால் பார்த்தேன். மேலும், உங்கள் ஜி4560இல் ஒரே கோரில் இரண்டு த்ரெட்களை (கட்டளைத் தொடர்களை) ஓட்டும் ஹைப்பர் த்ரெடிங் இருப்பதால் விண்டோஸுக்கு அது நான்காகத்தான் தெரியும். அந்த வசதி இல்லாத ஜி4400ஐ வைத்துக்கொண்டு இந்தப் பெருமையைப் பேசுங்கள். "வீட்டுக்கு 4 ஜிபி போதும்" என்று போன வருடம் எழுதியவரும் நீங்கள்தான். அதை நம்பித்தான் வாங்கினேன்.

வேளச்சேரி மாணவி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். யூடியூபில் ஏவி1 என்னும் சுருக்க வடிவத்தில் வரும் காணொளியை விரித்துக்காட்டும் வன்பொருள் ஜி4560இல் இல்லை. விபி9 என்னும் இன்னொரு வடிவத்துக்கு உண்டு. ஆகவே ஏவி1 காணொளியின் சுமை முழுவதும் கோர்களின் மீதே விழுகிறது. அதோடு இணைய வகுப்பும் ஓடினால் இரண்டு கோர் திணறத்தான் செய்யும்.

மாம்பலம்வாசி:
திணறுவது வேறு, மூன்றாவது வேலையில் நின்றுவிடுவது வேறு. கடைக்காரர் சொன்னது இரண்டாவது, அதுதான் பொய். ஹைப்பர் த்ரெடிங் பற்றிய பேச்சும் அப்படித்தான்: ஒரு கோருக்குள் சும்மா இருக்கும் பகுதிகளை இன்னொரு த்ரெட் பயன்படுத்திக்கொள்கிறதே தவிர, கோர் இரட்டிப்பாவதில்லை. இரண்டு கோர் கொண்ட பென்டியம் டி வந்த 2005க்கு முன்பு ஒற்றைக் கோரிலேயே பாட்டுக் கேட்டுக்கொண்டு கடிதம் தட்டச்சு செய்தோமே, அப்போது இரண்டாவது வேலை எங்கே நின்றது? விண்டோஸ் 11கூடக் குறைந்தபட்சமாகக் கேட்பது இரண்டு கோர்தான்.

பெரம்பூர் கணக்கர்:
உங்கள் ஜி4560 விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர் பட்டியலிலேயே இல்லை. அதைச் சொல்லாமல் விட்டது ஏன்?

மாம்பலம்வாசி:
பட்டியல் தலைமுறையைப் பார்த்துப் போடப்பட்டது, கோர் எண்ணிக்கையைப் பார்த்தல்ல. பேச்சை மாற்ற வேண்டாம். அடுத்த முறை ஸ்கேன் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் வட்டு எத்தனை விழுக்காடு, ப்ராசஸர் எத்தனை விழுக்காடு என்று படம் எடுத்து இங்கே போடுங்கள்.

வேளச்சேரி மாணவி:
ஏவி1 பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பெரம்பூர் கணக்கர்:
மவுஸ் அம்பே நகராதபோது டாஸ்க் மேனேஜரை எதைக் கொண்டு திறப்பது? முதலில் "4 ஜிபி போதும்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுங்கள். அதன் பிறகு படம் கேளுங்கள்.