கூடைப்பந்துப் பயிற்சி ஆட்டத்தில் எதைப் பார்ப்பது? அரங்கில் இருந்தவர்களின் அனுபவங்கள்

லண்டன், ஈஸ்ட்ஹாம்

ஒரு பெரிய தொடருக்கு முன்னால் நாட்டு அணிகள் ஆடும் பயிற்சி ஆட்டங்களைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஜெயித்துவிட்டால் பதக்கம் கையில் வந்தமாதிரி பேச்சு. தோற்றுவிட்டால் இதெல்லாம் கணக்கிலேயே சேராது என்று சமாதானம். 2024 ஒலிம்பிக்கிற்கு முன்னால் அமெரிக்கக் கூடைப்பந்து அணியும் தென்சூடானும் மோதிய ஆட்டத்தை நான் அரங்கில் இருந்து பார்த்தேன். அதைச் சொல்கிறேன். வேறு ஊர்களில் இப்படிப் பார்த்தவர்களும் வந்து சொல்லுங்கள்.

ஜூலை 20, சனிக்கிழமை, ஓ2 அரங்கம். மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள், அவளுக்கு லெப்ரான் ஜேம்ஸையும் ஸ்டெஃபன் கரியையும் ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும். எனக்கோ தென்சூடான் அணியைப் பார்க்கத்தான் ஆசை. 2011இல் பிறந்த நாடு. சொந்த மண்ணில் முறையான உள்ளரங்கம்கூட இல்லாமல் வளர்ந்த அணி. அதன் கூட்டமைப்புத் தலைவர் லுவால் டெங், போருக்குத் தப்பி எகிப்து போய், பிறகு தெற்கு லண்டனில் வளர்ந்தவர். 2012இல் பிரிட்டன் அணிக்காக ஒலிம்பிக் ஆடியவர். போரில் சிதறிப்போன குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு நாட்டின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பதைப் பார்க்கும்போது, யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த எனக்கு நெஞ்சுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்கா 43.5 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். அரைநேரத்தில் பலகையைப் பார்த்தால் தென்சூடான் 58, அமெரிக்கா 44! எங்களுக்கு முன்வரிசையில் ஒரு தென்சூடான் குடும்பம். அப்பா தோளில் கொடியைப் போர்த்தியிருந்தார். தங்கள் ஆட்கள் ஒவ்வொரு முறை வெளிக்கோட்டுக்கு அப்பாலிருந்து எறிந்து மூன்று புள்ளி போட்டபோதும் அவர் எழுந்து குதிக்கவில்லை, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருடைய சின்ன மகன்தான் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினான்.

தென்சூடான் செய்தது எளிமையான வேலைதான். அமெரிக்காவின் உயரமான ஆட்கள் வளையத்துக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். இவர்கள் ஐந்து பேருமே வெளிக்கோட்டுக்கு வந்து எறியத் தெரிந்தவர்கள். பந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்குள் யாராவது ஒருவர் தனியாக நிற்பார். கார்லிக் ஜோன்ஸ் அந்த ஆட்டத்தில் புள்ளி, ரீபவுண்ட் (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (புள்ளி எடுப்பவருக்குப் பந்தைக் கொடுப்பது) மூன்றிலும் இரட்டை இலக்கம் தொட்டார். இரண்டாம் பாதியில் அமெரிக்கா விழித்துக்கொண்டது. ஆனாலும் கடைசி அரை நிமிடத்துக்குள் ஜேடி தோர் ஒரு மூன்று புள்ளி போட, 100-99 என்று தென்சூடான் மறுபடி முன்னால். லெப்ரான் பந்தை வாங்கினார், யாருக்கும் கொடுக்கவில்லை. நேராக உள்ளே புகுந்து, வளையத்தின் பக்கத்திலிருந்து மெல்லப் போடும் லே-அப். 101-100. மீதி எட்டு விநாடி. தென்சூடானின் கடைசி முயற்சிகள் விழவில்லை.

மறுநாள் எங்கு பார்த்தாலும் 'அமெரிக்கா தப்பிப் பிழைத்தது' என்பதுதான் பேச்சு. அது உண்மைதான். ஆனால் எனக்குத் தோன்றுவது இது: பயிற்சி ஆட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல. ஆட்டம் இறுகும்போது பயிற்சியாளர் யாரைத் தளத்தில் வைத்திருக்கிறார், அன்று தெரிந்த ஓட்டையைப் பிறகு அடைக்கிறாரா இல்லையா, இந்த இரண்டையும்தான்.

அபுதாபி, முசாஃபா

ஈஸ்ட்ஹாம் அண்ணன் சொன்னதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. 2023 உலகக் கோப்பைக்கு முன்னால் அமெரிக்க அணி இங்கே யாஸ் தீவில் எதிஹாத் அரங்கத்துக்கு வந்தது. முதலில் கிரீஸை 108-86 என்று சுலபமாக முடித்தார்கள். ஆகஸ்ட் 20ஆம் தேதி ஜெர்மனி. நான் அந்த ஆட்டத்துக்குத்தான் போனேன்.

அங்கே கூட்டத்தில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களுக்குக் கூடைப்பந்து என்றால் நம் ஊரில் கிரிக்கெட் எப்படியோ அப்படி. பக்கத்து நாற்காலி அண்ணன் என்னோடு ஒரே கட்டடத்தில் வேலை பார்ப்பவர் என்பது பேச்சுக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. அவர்தான் சொல்லிக் கொடுத்தார், பந்தைப் பார்க்காதே, ஜெர்மனிக்காரன் திரை போடுவதைப் பார் என்று. ஒருவர் வந்து சுவர்போல நிற்பார், அவரைச் சுற்றிக்கொண்டு டென்னிஸ் ஷ்ரூடர் உள்ளே பாய்வார். அமெரிக்கத் தடுப்பாளர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு அடி தாமதம்.

ஜெர்மனி 16 புள்ளி முன்னால் போய்விட்டது. அப்புறம் அமெரிக்கா 18 புள்ளிகளை ஒரே மூச்சில் எடுத்து 99-91 என்று ஜெயித்தது. ஆன்டனி எட்வர்ட்ஸ் மட்டும் 34. அரங்கமே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது, நானும்தான். 'பாருங்கள், என்ன மனத்திடம்' என்றுதான் எல்லோரும் எழுதினார்கள்.

பக்கத்தில் இருந்தவர் மட்டும் ஒன்று சொன்னார். ஆட்டத்தின் நான்கு குவார்ட்டரில் (கால்பகுதியில்) மூன்றில் ஜெர்மனி எப்படி ஆடியது என்பதை இவர்கள் மறந்துவிட்டால், உலகக் கோப்பையில் மணிலாவில் மாட்டிக்கொள்வார்கள் என்று. செப்டம்பர் 8, மணிலாவில் அரையிறுதி. ஜெர்மனி 113, அமெரிக்கா 111. கடைசி நேரத்தில் அமெரிக்கா ஒரு புள்ளி வித்தியாசத்துக்குள் நெருங்கி வந்தபோது ஆந்த்ரேயாஸ் ஓப்ஸ்ட் ஒரு மூன்று புள்ளி போட்டு மூடிவிட்டார், அவர் அன்று எடுத்தது 24. இறுதியில் செர்பியாவை 83-77 என்று வென்று, ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெர்மனி கோப்பையைத் தூக்கியது.

ஆக, அபுதாபியில் ஜெயித்தவர்கள் அந்த ஆட்டத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. தோற்றவர்கள், இவர்களை வெல்ல முடியும் என்ற நம்பிக்கையை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அன்று கண்ணால் கண்டது அதுதான்: தோற்றபிறகு ஜெர்மனிக்காரர்கள் தலை தொங்கப்போடவில்லை, தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டே உள்ளே போனார்கள்.

மெல்போர்ன்

தம்பி, அண்ணா, இருவரும் எண்ணிக்கையை ரொம்பத்தான் ஒதுக்குகிறீர்கள். சில நேரம் எண்ணிக்கையே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

2019 உலகக் கோப்பைக்கு முன்னால், ஆகஸ்ட்டில், இங்கே மார்வெல் ஸ்டேடியத்தில் ஆஸ்திரேலியாவுடன் அமெரிக்கா இரண்டு ஆட்டம் ஆடியது. கால்பந்து ஆடும் வட்ட மைதானத்தின் நடுவில் மரத்தளம் போட்டு, 50,000க்கும் மேல் கூட்டம். எங்களுக்குத் தரைமட்டத்தில் இடம். விலை அதிகம், ஆனால் நாற்காலிகளைப் படியேற்றம் இல்லாமல் ஒரே மட்டத்தில் போட்டுவிட்டார்கள். முன்னால் இருப்பவர் கொஞ்சம் உயரமாக இருந்தால் பெரிய திரையைத்தான் பார்க்க வேண்டும். என் கணவர் பாதி ஆட்டத்தை நின்றுகொண்டே பார்த்தார்.

முதல் ஆட்டம் 102-86, அமெரிக்காவுக்கு. 24ஆம் தேதி இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் பேட்டி மில்ஸ் 30 புள்ளி எடுத்தார். ஆஸ்திரேலியா 98, அமெரிக்கா 94. அமெரிக்க ஆண்கள் அணியை ஆஸ்திரேலியா வென்றது அதுதான் முதல் முறை. 2006இலிருந்து என்பிஏ (அமெரிக்காவின் தொழில்முறைத் தொடர்) வீரர்களோடு தொடர்ந்து 78 ஆட்டங்கள் தோற்காமல் வந்தவர்கள் அன்று நின்றார்கள். மில்ஸ் டோரஸ் நீரிணைத் தீவுகளின் வழிவந்தவர், இந்த நாட்டின் பூர்வகுடிப் பிள்ளை. அவர் கையில் பந்து போகும்போதெல்லாம் அவ்வளவு பெரிய கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கடைசி நிமிடத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அந்தத் தோல்வியை 'வெறும் பயிற்சி' என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அந்த முறை அமெரிக்காவின் முதல்தர வீரர்கள் பலர் வரவே இல்லை. கிரெக் பாபோவிச் எவ்வளவு பெரிய பயிற்சியாளராக இருந்தாலும் இல்லாத ஆளை எங்கிருந்து கொண்டுவருவார்? சீனாவில் நடந்த உலகக் கோப்பையில், காலிறுதியில் பிரான்ஸிடம் 89-79 என்று தோற்று, கடைசியில் ஏழாவது இடம். ஆஸ்திரேலியா அரையிறுதியில் ஸ்பெயினோடு இரண்டு கூடுதல் நேரம்வரை போய் நின்றது. மெல்போர்னில் தெரிந்ததுதான் அங்கேயும் நடந்தது. ஓட்டையைப் பயிற்சியாளர் அடைக்கலாம், ஆனால் ஆள் பலமே குறைவாக இருந்தால் அது பயிற்சி ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

டாலஸ்

மெல்போர்ன் அக்காவுக்கு ஒரு சின்ன மறுப்பு. 2021 ஜூலையில் லாஸ் வேகஸில் நைஜீரியா அமெரிக்காவை 90-87 என்று வென்றது. 2012 ஒலிம்பிக்கில் இதே நைஜீரியாவை இவர்கள் 156-73 என்று அடித்திருந்தார்கள்! இரண்டு நாள் கழித்து ஆஸ்திரேலியாவிடமும் தோல்வி. இங்கே அலுவலகத்தில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு, டோக்கியோவில் அவமானம்தான் என்று. டோக்கியோவில் அமெரிக்கா தங்கம். நைஜீரியா மூன்று ஆட்டமும் தோற்று ஊர் திரும்பியது.

அந்த நேரத்தில் அமெரிக்க அணியில் சேர வேண்டிய புக்கரும் ஹாலிடேயும் மிடில்டனும் என்பிஏ இறுதியில் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வராத ஆள் வந்து சேரப்போகிறாரா, வரவே மாட்டாரா என்பதில்தான் 2019க்கும் 2021க்கும் வித்தியாசம்.

பாரிஸ், லா கூர்நெவ்

அண்ணா, அக்கா, எல்லோரும் அமெரிக்காவைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்துக் கதை இன்னும் பெரிது.

2024 ஒலிம்பிக் எங்கள் வீட்டில். எங்கள் நெட்டை நட்சத்திரம் வெம்பன்யாமா வந்துவிட்டார், ஊரே எதிர்பார்த்துக் கிடந்தது. பயிற்சி ஆட்டங்களில் பிரான்ஸ் துருக்கியை மட்டும் வென்றது. பிறகு ஜெர்மனியிடம் இரண்டு முறை, செர்பியாவிடம், ஆஸ்திரேலியாவிடம் ஒரு புள்ளியில், கனடாவிடம் 85-73. வரிசையாகத் தோல்வி. கனடா ஆட்டத்தை ஒர்லியான்ஸ் போய்ப் பார்த்தோம். வெம்பன்யாமாவும் கோபெரும் சேர்ந்து நின்றால் வளையத்தை நெருங்கவே முடியாது என்பது கேட்க நன்றாக இருக்கும். பந்து நம் கையில் இருக்கும்போதுதான் கஷ்டம். இரண்டு நெட்டையர்களும் உள்ளே நிற்க, மற்ற மூவருக்கும் ஓட இடமில்லை. பந்து கைமாறிக் கைமாறி, நேரம் முடியும்போது யாரோ ஒருவர் அவசரத்தில் எறிவார். அரங்கத்தில் சிலர் விசிலடித்தார்கள். இங்கே விசில் அடித்தால் பாராட்டு இல்லை, கோபம்.

ஒலிம்பிக் தொடங்கியும் அதே நிலைதான். ஜப்பானைக் கூடுதல் நேரத்தில்தான் தாண்டினார்கள். குழுவின் கடைசி ஆட்டத்தில் ஜெர்மனி 85-71 என்று அடித்தது. அதற்குப் பிறகுதான் பயிற்சியாளர் வின்சென்ட் கோலே துணிந்தார். காலிறுதியில் யாபுசெலேயையும் கோர்டினியேயையும் முதல் ஐவரில் இறக்கினார். கோபெருக்கு விரலில் காயம், சில நிமிடம்தான் ஆடினார். திடீரென்று தளம் அகலமாகிவிட்டது! எதிரணி கனடா, பயிற்சி ஆட்டத்தில் எங்களை அடித்த அதே கனடா. பாரிஸின் பெர்சி அரங்கத்தில் 82-73 என்று வென்றோம். யாபுசெலே 22, கோர்டினியே 20. அரையிறுதியில் ஜெர்மனியையும் 73-69 என்று வென்றார்கள். இறுதியில் லெப்ரான் எதிரே நிற்க, யாபுசெலே அவர் மேலாக எழும்பிப் பந்தை வளையத்துக்குள் அடித்து இறக்கிய டங்க்கை எங்கள் தெருப் பிள்ளைகள் இன்னும் செய்து பார்க்கிறார்கள்.

ஒர்லியான்ஸில் எனக்குப் பக்கத்திலிருந்த ஒரு பிரெஞ்சுப் பெரியவர் முதல் பாதியிலேயே சொன்னார், அந்த நெட்டையர்களில் ஒருவரை உட்காரவைத்தால் போதும் என்று. கோலேக்குத் தெரியாததா? பெயர் பெற்ற வீரரைச் சொந்த நாட்டில், சொந்தக் கூட்டத்தின் முன் உட்காரவைக்க ஒரு தைரியம் வேண்டும். அது வருவதற்கு அவ்வளவு தோல்வி தேவைப்பட்டது. ஆனால் வந்தது, அதற்காக அவரை மனதார மெச்சுகிறேன்.

லண்டன், ஈஸ்ட்ஹாம்

பாரிஸ் தம்பி, அருமை. அக்கா சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன், ஆள் பலம் இல்லாத இடத்தில் வேறு கணக்கு.

லண்டன் கதையின் மீதியைச் சொல்லிவிடுகிறேன். தென்சூடானுக்குப் பிறகு இரண்டு நாளில் ஜெர்மனியோடு அதே அரங்கில் 92-88. அமெரிக்காவின் கடைசி 11 புள்ளிகளையும் லெப்ரானே எடுத்தார். ஜூலை 31இல் ஒலிம்பிக்கில், பிரான்ஸின் லில் நகரத்தில் தென்சூடானை மறுபடி சந்தித்தபோது, அமெரிக்கப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் உயரமான ஜோயல் எம்பீடை ஆட்டத்தில் இறக்கவே இல்லை. வெளிக்கோடுவரை ஓடிவந்து காக்கக்கூடிய ஆன்டனி டேவிஸை முதலிலேயே இறக்கினார், பெஞ்சிலிருந்து பாம் அடேபாயோ. லண்டனில் திறந்து கிடந்த இடமெல்லாம் மூடிக்கிடந்தது. அரைநேரத்தில் 55-36, முடிவில் 103-86. அப்புறம் அரையிறுதியில் செர்பியாவிடம் 17 புள்ளி பின்தங்கியபோது, இறுகிய நேரத்தில் யார் கையில் பந்து இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. 95-91, கரி மட்டும் 36.

தென்சூடான் தன் முதல் ஒலிம்பிக் ஆட்டத்தில் போர்ட்டோ ரிக்கோவை 90-79 என்று வென்றது. ஆட்டம் தொடங்குமுன் அவர்களுக்குத் தவறான தேசிய கீதத்தை, சூடானுடையதை, ஒலிக்கவிட்டார்கள். வீரர்கள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சரியானது வரும்வரை அசையாமல் நின்றார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மகள் என்னிடம் அந்த நாட்டைப் பற்றி இரவு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த உலகக் கோப்பை 2027இல் கத்தாரில். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு அதற்கு முந்தைய பயிற்சி ஆட்டம் எதற்காவது போக வாய்ப்புக் கிடைத்தால், தளத்தின் நடுப்பகுதி இருக்கைக்கு விலை கொடுக்காதீர்கள். பெஞ்சுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே உட்காருங்கள். நான்காவது குவார்ட்டரில் யாரை எழுப்புகிறார்கள், யாரை உட்காரவைக்கிறார்கள், டைம்-அவுட்டில் பலகையில் எழுதுவதை யார் குனிந்து பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். முசாஃபா தம்பி, நீங்கள் போனால் அந்தப் பக்கத்து நாற்காலி அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சொல்வதை இங்கே எழுதுங்கள்.