புதுப்பிப்பு: மோட்டார் சைக்கிள் வானொலியின் இரைச்சல் நின்றது

மோட்டார் சைக்கிளில் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர்களும் பொருத்திய பிறகு, திராட்டலை முறுக்கும்போதெல்லாம் ‘உய்ங்’ என்ற இரைச்சல் பாட்டோடு சேர்ந்து ஏறுகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அது இப்போது அறவே நின்றுவிட்டது.

கோளாறு எர்த் கம்பியில்தான் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் கம்பி) இருந்தது. கடைக்காரர் அதைச் சாயம் பூசிய சட்டத்தின் மேலேயே முடுக்கியிருந்தார். நான் கழற்றிப் பார்த்தபோது, கம்பி நுனி வளையத்தின் அடியில் சாயம் கீறல்கூட விழாமல் பளபளவென்று இருந்தது; சாயம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் இணைப்பே சரியாக இல்லை. அந்தக் கம்பியையும், ஃப்யூஸ் வைத்த பாசிட்டிவ் கம்பியையும் நேரே பேட்டரிக்கே கொண்டுபோய்விட்டேன். மின்பொறியால் வரும் வானொலி இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக்கைப் போட்டதும், மிச்சமிருந்த ‘டிக் டிக்’ ஒலியும் மறைந்தது.

கோலாலம்பூரில் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் 96.3 மெகாஹெர்ட்ஸில் வருவதால், அதன் அலைநீளத்தில் கால் பங்கான ஏறத்தாழ 78 சென்டிமீட்டர் கம்பியையே ஆண்டெனாவாகப் பின்புறம் நிமிர்த்தி வைத்தேன். நேற்று கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் செய்தி ஒரு சொல் விடாமல் கேட்டபோது மனம் நிறைந்தது.

செயற்கைக்கோள் வானொலி ஆண்டெனாவை வாங்கலாமா என்று கேட்ட தம்பி, தயவுசெய்து வாங்க வேண்டாம்: சிரியஸ் எக்ஸ்எம் வட அமெரிக்காவுக்கான சேவை, 2.3 கிகாஹெர்ட்ஸுக்கான அதன் ஆண்டெனா நம் எஃப்எம்முக்கு உதவாது.