சிறிய அருங்காட்சியகத்தில் ஊர்ச் செடிகளை ஊர்மக்களே வரைவது: ஆலோசனை தேவை

ஆவாரங்காடு (கேள்வி):
வணக்கம். கொங்குப் பகுதிச் சிற்றூர் ஒன்றில், நடுகற்களும் முதுமக்கள் தாழிகளும் உள்ள இரண்டறை அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். தைப்பொங்கலையொட்டி, காப்புக்கட்டுக்கு உரிய ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை ஆகியவற்றில் தொடங்கி, ஊரைச் சுற்றி வளரும் செடிகளை மக்களையே வரையச் செய்து காட்சிக்கு வைக்க விரும்புகிறோம். காப்புக்கட்டைச் சந்தையில் கட்டாக வாங்கிவிடுவதால், அச்செடிகள் எங்கே வளர்கின்றன என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது. வரைதல் என்றதும் பெரியவர்கள் "எனக்கு வராது" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவர்களை எப்படி ஈடுபடுத்தலாம்?

சித்திர ஆசிரியர்:
பெரியவர்களிடம் முதலிலேயே பென்சிலைக் கொடுக்காமல், இலை அச்சில் தொடங்குங்கள். இலையின் அடிப்புறத்தில்தான் நரம்புகள் புடைத்திருக்கும் என்பதால், அந்தப் பக்கத்தில் பஞ்சால் மெல்லியதாக வண்ணம் ஒற்றி, தாளின்மேல் கவிழ்த்து, இன்னொரு தாளை மேலே வைத்து விரல்நுனியால் அழுத்தினால் போதும். வண்ணம் கூடினால் நரம்பு மறைந்து வெறும் கறையாகிவிடும். ஆவாரை இலையை அடியோடு கிள்ளி அச்செடுத்தால், காம்பின் அடியில் காதுமடல் போல அகன்றிருக்கும் செதில்களும் சேர்ந்து பதியும். பூவை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் அதைக் கண்டதும் செடியை மறுபடி போய்ப் பார்க்கிறார்கள். அதன் பிறகு பென்சில் எடுக்க அவ்வளவாகத் தயங்குவதில்லை. எருக்கை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு.

பழஞ்சுவடி:
படத்தின் கீழே வரைந்தவர் பெயரை அவசியம் எழுதுங்கள். இதற்கு உங்கள் வட்டாரத்தோடு தொடர்புடைய நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 1840-களில் கோயம்புத்தூரில் பருத்தி ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை 2000-க்கும் மேற்பட்ட தாவரப் படங்களை வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். இத்தகைய ஓவியர்கள் பலரின் பெயர் பதிவாகாமலே போன காலத்தில், வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். இந்தச் செய்தியை உங்கள் காட்சியறையின் முதல் பலகையில் வைத்தால், வரைய வருகிறவர்களுக்கு அது பெருமையாக இருக்கும்.

வேலியோரம்:
பொங்கலோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் கருத்து. மழைக்குப் பின் வேலியோரத்தில் முளைக்கும் தும்பையையும் குப்பைமேனியையும் அந்தந்தப் பருவத்தில் வரைந்தால்தான் ஆண்டு முழுவதும் மக்கள் உள்ளே வருவார்கள். தாவரவியல் பெயரைக் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே, வரைந்தவர் வீட்டில் வழங்கும் பெயரும் செடியைப் பார்த்த இடமும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். மருத்துவப் பயன்களைச் சரிபார்க்காமல் எழுத வேண்டாம். அயல்நாட்டுச் செடிகளையும் ஒதுக்காதீர்கள். நீலகிரிப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள், காட்டை அடைத்துப் பரவும் உண்ணிச்செடியின் தண்டுகளை வெட்டி, வேகவைத்து, வளைத்துச் செய்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. களைச்செடியைப் பற்றிப் பேச அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆவாரங்காடு:
அனைவருக்கும் நன்றி. மார்கழியிலேயே இலை அச்சைத் தொடங்கி, சந்தைக்குப் பூளைப்பூ பறித்து வரும் பெண்களை முதலில் அழைக்கிறோம், செடி நிற்கும் இடங்களை நன்கு அறிந்தவர்கள் அவர்கள்தான். சித்திர ஆசிரியர் ஐயா, பூளைப்பூவின் பஞ்சு போன்ற கதிர் இம்முறையில் தெளிவாகப் பதியுமா, அல்லது தாள்களுக்கிடையே வைத்து உலர்த்திய பிறகு அச்செடுக்க வேண்டுமா?

சித்திர ஆசிரியர்:
பழைய செய்தித்தாள்களுக்கிடையே கனமான புத்தகங்களை ஏற்றி, தட்டையாகும் வரை வையுங்கள். தாள் ஈரமானால் மாற்றிவிடுங்கள், இல்லையேல் பூஞ்சை பிடித்துவிடும். அச்செடுக்கும்போது கதிருக்கு வண்ணத்தை இலையைவிடக் குறைவாகவே ஒற்றுங்கள்.